றோட்டில் காயப்போட்ட நெல்

கேம் விளையாடுகிற பிள்ளைகள் றோட்டிலும் கண்மண் தெரியாமல் ஓடுவார்களா என்று என்னிடம் வந்து கேட்கிறார்கள். பள்ளிக்கூட அதிபர் கேட்டார். பொலிஸ்காரர் கேட்டார். வெளிநாட்டிலிருந்து என் தங்கை போன் எடுத்துக் கேட்டாள், அவளுடைய பெடியனும் நாள் முழுக்க அதுதானாம். ஏதோ நான் அதைப் படித்துப் பட்டம் வாங்கியவள் மாதிரி. எல்லாருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னேன். ஓடுவார்கள், என் பிள்ளையைப் பாருங்கள் என்று. அது பொய். என் பிள்ளை விழுந்தது நான் றோட்டில் போட்ட பனங்குற்றியில். அதை அவளுக்கே சொல்லாமல் ஒரு வருடம் இருந்தேன்.

நாங்கள் இருப்பது கண்டாவளையில். வீட்டுக்கு முன்னால் தார் றோட்டு, றோட்டைத் தாண்டினால் மூன்று ஏக்கர் வயல். என் மனுசன் கட்டாரில் தண்ணீர் ஏற்றுகிற பவுசர் லொறி ஓட்டுகிறார். போய் ஒன்பது வருடம். எங்களுக்கு ஒரே பிள்ளை, மகள். அப்போது அவளுக்கு இருபத்துநாலு வயது, கிளிநொச்சியில் ஒரு பாமசியில் வேலை. காலையில் ஸ்கூட்டியில் போய்ப் பின்னேரம் ஆறு ஆறரைக்குள் வந்துவிடுவாள். வயலை நான்தான் பார்த்தேன். விதைப்பிலிருந்து நெல் வெட்டு வரைக்கும் ஆட்களோடு கத்திக் கத்தியே என் தொண்டை தகரமாகிவிட்டது. எனக்குக் கோபம் கொஞ்சம் கூட. ஊரில் கேட்டால் கொஞ்சம் என்று சொல்ல மாட்டார்கள்.

அந்தக் கேமை அவளுடைய போனில் போட்டுக் கொடுத்ததே தகப்பன்தான், லீவில் வந்து நின்றபோது. கார் ஓட்டப் போட்டி. இரண்டு பேர் இரண்டு நாட்டிலிருந்து ஒரே றோட்டில் ஓடலாம், ஓடிக்கொண்டே கதைக்கவும் செய்யலாம். அவர் அங்கே வேலை முடிந்து குளித்துக் கட்டிலில் விழுந்தார் என்றால் இவள் இங்கே கதிரையில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு தொடங்கிவிடுவாள். போனை இரண்டு கையாலும் பிடித்து, வளைவுக்கு வளைவு உடம்பையும் வளைப்பாள்.

"விடுங்கோ அப்பா, விடுங்கோ, நான் முந்தப் போறன்."

"முந்து பாப்பம்."

கார் மதிலில் அடிக்கும், ஆகாயத்தில் பறக்கும், கடலுக்குள் விழும். அடுத்த நிமிடம் ஒன்றும் நடவாததுபோல் றோட்டில் வந்து நிற்கும். எனக்கு விசர் வரும். "கோதாரி விழுந்த கேம். அந்த மனுசன் களைச்சு விழுந்து வந்து படுக்க, நீ அவரைக் கடலுக்குள்ள தள்ளிக்கொண்டு இருக்கிறாய்" என்று குசினியிலிருந்து கத்துவேன். போனுக்குள்ளிருந்து அவர் சிரிப்பார். "இஞ்சரும், நாள் முழுக்கச் சட்டத்துக்குப் பயந்து ஓடிக் கையெல்லாம் விறைச்சுப்போய் வாறன். இதில ரெண்டு இடி இடிச்சாத்தான் எனக்கு நித்திரை வரும்" என்பார். என்னோடு கதைக்க அவருக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் கதை இருக்காது. அவளோடு ஒரு மணித்தியாலம் இடித்துக்கொண்டு கிடப்பார். எனக்குப் பொறாமையாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

ஆனால் ஸ்கூட்டியில் அவளுக்குப் பின்னால் இருந்து போவது பெரிய தண்டனை. சைக்கிள்காரர்கள் மணி அடித்து எங்களை முந்திக்கொண்டு போவார்கள். மாடு குறுக்கே வந்தால் நிறுத்தி, மாடு போய், அதன் கன்று போய், கன்றுக்குப் பின்னால் இன்னும் ஏதும் வருகிறதா என்று பார்த்துத்தான் எடுப்பாள். காகம்கூட இல்லாத ஒழுங்கையில் சிக்னல் போட்டுத் திரும்புவாள். "என்னை இறக்கி விடு, நான் நடந்து போய் உனக்கு முன்னால நிக்கிறன்" என்று எத்தனை தரம் பேசியிருப்பேன். ஒருநாள் கேட்டேன்.

"கேமில மட்டும் அந்தப் பறப்புப் பறக்கிறாய், இங்க என்ன நோய்?"

"அது விழுந்தால் திரும்ப வரும் அம்மா. இது வராது" என்றாள், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே.

எங்கள் பக்கத்தில் மாரியில் விதைத்த காலபோக வெட்டு முடிந்தால் தார் றோட்டில் பாதி நெல்லுக்குத்தான். வெட்டு மெசினால் வருகிற நெல் ஈரம். ஈர நெல் என்றால் வாங்க வருகிறவன் வாயில் போட்டுக் கடித்துப் பார்த்து முகத்தைச் சுளிப்பான். காயப்போட எங்களுக்கு என்று ஒரு களம் இல்லை, முற்றமெல்லாம் மண். தார் சூட்டில் இரண்டு வெயிலில் காய்ந்துவிடும். ஆகவே அவரவர் வளவுக்கு நேரே றோட்டில் அவரவர் நெல். வாகனம் ஏறாமல் இருக்க வெளி ஓரத்தில் கல், பழைய ரயர், தடி, கையில் கிடைத்ததை வரிசையாக வைப்போம். பின்னேரம் நெல்லைக் குவித்துத் தார்ப்பாய்ப் படங்கால் மூடி, அந்தக் கல்லில் கொஞ்சத்தைப் படங்கு பறக்காமல் பாரம் வைப்போம். மிச்சம் றோட்டில் அப்படியே கிடக்கும். விடிந்தால் திரும்பவும் வேண்டும்தானே, ஆர் தூக்கித் திரிவது என்ற எண்ணம். எங்களில் ஒருவருக்கும் அது பிழையாகப் பட்டதில்லை.

போன வருட வெட்டில், மணல் ஏற்றிய டிப்பர் ஒன்று என் நெல்லின் மேலால் ஏறிப் போனது. வரிசையாக வைத்த கல்லையும் சிதறடித்துவிட்டுப் போனது. "குறுக்கால போவானே" என்று பின்னால் ஓடி மண் அள்ளி எறிந்தேன். அவன் ஹோர்ன் அடித்துவிட்டுப் போனான். நொருங்கிக் கிடந்த நெல்லைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றிரவு சரியாகச் சாப்பிடவும் இல்லை. அடுத்தநாள் காலை மகள் வேலைக்குப் போனபிறகு, கிணற்றடியில் கிடந்த பனங்குற்றியை உருட்டிக்கொண்டு வந்து, கல் வரிசைக்கும் வெளியே இரண்டு முழம் தள்ளி, றோட்டின் நடுவுக்குக் கிட்டப் போட்டேன். இன்றைக்கு ஏறட்டும் பார்ப்போம், அச்சு முறிந்து கிடக்கட்டும் என்றுதான் போட்டேன். பக்கத்து வளவுக்காரர் வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு வந்தார்.

"அக்கா, அதைக் கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளி விடுங்கோவன்."

"உங்கட நெல்லில ஏறியிருந்தால் உங்களுக்குத் தெரியும்."

என் வாய்க்குப் பயந்தவர். திரும்பிப் போய்விட்டார்.

அன்று பின்னேரம் மழைக் குணமாக இருந்தது. அவசர அவசரமாக நெல்லைக் குவித்து மூடினேன். குற்றியையும் ஓரத்துக்கு உருட்டிவிட வேண்டும் என்று நினைத்தேன். இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வருவோம் என்று உள்ளே போனேன். கேத்தில் கொதிக்கும்போது வெளியே ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. மாடு ஏதோ வாளியைத் தட்டிவிட்டது என்று நினைத்து, தேயிலையைப் போட்டுவிட்டுத்தான் எட்டிப் பார்த்தேன்.

எதிர்ப் பக்கத்தால் ஒரு டிப்பர் பெரிய லைற்றைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது; பக்கத்து வளவுக்காரர் வேலியடியில் நின்று கண்டிருக்கிறார். வெளிச்சம் கண்ணில் அடிக்க, அவள் அதற்கு இடம் விட்டு இடப்பக்கம் ஒதுங்கியிருக்கிறாள். குற்றியில் முன்சில்லு அடித்துத் தூக்கி எறிந்திருக்கிறது. டிப்பர் நிற்கவே இல்லை. நான் ஓடிப்போனபோது கல் வரிசையின் மேல் முதுகு படக் கிடந்தாள். ஹெல்மெட்டின் பட்டி பூட்டினபடி இருந்தது. கவிழ்ந்து கிடந்த ஸ்கூட்டியில் இடப்பக்கச் சிக்னல் விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. வீட்டுக்குத் திரும்புவதற்காகப் போட்ட சிக்னல். வேகமாக வந்தவள் சிக்னல் போட்டுக்கொண்டா வருவாள்? அந்த நிமிடமே எனக்கு எல்லாம் தெரியும்.

பக்கத்து வளவுக்காரர் ஆட்டோ ஒன்றை மறித்துக் கொண்டுவந்தார். நாலு பேர் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்கி ஏற்றினோம். அப்படித் தூக்கக் கூடாது என்று பிறகு சொன்னார்கள். "ஏறுங்கோ அக்கா" என்றார். நான் ஏறவில்லை.

"நீங்கள் கொண்டு போங்கோ. நான் நெல்லை மூடிப்போட்டு வாறன்."

நெல் மூடித்தான் இருந்தது. அது அவருக்கும் தெரியும். என் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு ஏறிப் போனார். ஆட்டோ மறைந்ததும் குற்றியை உருட்டி றோட்டோரத்துத் தண்ணீர்க் கானுக்குள் தள்ளினேன். பிறகு கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வளவுக்குள் எறிந்தேன். அயலிலிருந்த பெண்களும் வெளியே வந்து தங்கள் தங்கள் கல்லை எடுத்தார்கள். பொலிஸ் வந்தால் எல்லாரையும்தானே பிடிக்கும். ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. எனக்கு அரைமணித்தியாலம் போயிருக்கும். அந்த நேரத்தில் ஆட்டோவுக்குள் அவளுக்கு நினைவு வந்து, "அம்மா எங்க?" என்று கேட்டிருக்கிறாள். "பின்னால வாறா பிள்ளை" என்று அந்த மனுசன் சொல்லியிருக்கிறார். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது நினைவு திரும்பவும் போய்விட்டது. இதை எழுதுகிற கையை வெட்டிப் போட வேண்டும் போலிருக்கிறது.

அவளுடைய போன் றோட்டில் வெளிச்சத்தோடு கிடந்தது. விழுந்த அடியில் எரிந்திருக்கும். அது போதும் எங்கள் ஆட்களுக்கு. ஆஸ்பத்திரி வாங்கில் நான் இருக்கிறேன், பார்க்க வந்த இரண்டு பெண்கள் எனக்குக் கேட்கும்படியாகவே கதைக்கிறார்கள்.

"ஆரோடையோ கதைச்சுக்கொண்டு வந்திருக்குது பெட்டை."

"எந்த ஊர்ப் பெடியனாம்?"

என் பிள்ளை உள்ளே உயிருக்கு இழுத்துக்கொண்டு கிடக்கிறாள், இவர்களுக்குப் பெடியனின் ஊர் வேண்டும். எழும்பி நின்று கத்தினேன். "பொத்துங்கோ வாயை. என்ர பிள்ளை ஒருத்தரோடையும் கதைக்கேல்லை. அவளுக்குக் கேம் பைத்தியம். தகப்பனோட சேந்து கார் ஓட்டுற கேம். அதில ஓடுற மாதிரியே றோட்டிலயும் பறந்துகொண்டு வந்தவள். அவ்வளவுதான்." சொல்லி முடிக்கவே எனக்கு விளங்கிவிட்டது, அது எல்லாவற்றையும் மூடிவிட்டது என்று. பெடியனும் இல்லை, குற்றியும் இல்லை. அடுத்தநாள் பொலிஸ்காரர் வந்து கேட்டபோதும் அதையே சொன்னேன். "இப்பத்தைப் பிள்ளையள் எல்லாம் இப்பிடித்தான் அம்மா" என்று சொல்லி எழுதிக்கொண்டு போனார்.

எட்டாம் நாள் கண் திறந்தாள். இடுப்புக்குக் கீழே இனி உணர்ச்சி ஒன்றும் தெரியாது என்று அதற்கு முதலே எனக்குச் சொல்லியிருந்தார்கள். அன்றைய நாளில் பாமசியில் மத்தியானம் சாப்பிட்டது வரைக்கும்தான் அவளுக்கு ஞாபகம் இருந்தது.

"அம்மா, நான் என்னெண்டு விழுந்தனான்?"

"வேகமா வந்திட்டாய் பிள்ளை."

"நானோ?" என்றாள்.

அவளால் அதை நம்ப முடியவில்லை. பிறகு, "கேம் விளையாடி விளையாடி என்னை அறியாமலே கை முறுக்கியிருக்கும் போல" என்று தானே ஒரு காரணத்தையும் கண்டுபிடித்துச் சொன்னாள். நான் ஓம் என்றேன். அந்த ஓமைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். யாரும் என் கழுத்தைப் பிடித்துச் சொல்லு என்று கேட்கவில்லை.

தகப்பனுக்கும் அதையே சொன்னேன். அவர் லேசில் நம்பவில்லை.

"என்ர பிள்ளை அப்பிடி ஓட மாட்டாள். விளையாட்டு வேறை, றோட்டு வேறை எண்டு அவளுக்குத் தெரியும். நான் ஒவ்வொரு நாளும் விளையாடுறன். என்ர வண்டியில ஒரு கீறல் விழுந்திருக்குதோ?"

"அப்ப நான் பொய் சொல்லுறன் எண்டுறீங்களோ?" என்று கத்தினேன். நான் கத்தினால் அவர் அடங்கிவிடுவார். அடங்கிவிட்டார். "நான்தானே போட்டுக் குடுத்தனான்" என்று மட்டும் சொன்னார். அதோடு அவருடைய கதையும் நின்றுவிட்டது. போன் எடுப்பார், மருந்து இருக்குதோ, தூக்கி இருத்த ஆள் வருகுதோ என்று என்னிடம் கேட்பார், வைத்துவிடுவார். மகளோடு கதைத்தால் அழுதுவிடுவேன் என்று என்னிடம் சொன்னார். அதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. "அப்பாவுக்கு என்னில கோவம்" என்று அவள் நினைத்துக்கொண்டாள். கேமைத் தன் கையாலேயே அழித்தாள். இரண்டு பேரும் தாங்கள்தான் காரணம் என்று ஆளுக்கொரு பக்கம் கிடந்து உருகினார்கள். நான் நடுவில் நின்று இரண்டு பேருக்கும் ஆறுதல் சொன்னேன். நெஞ்சழுத்தம் என்றால் இதுதான்.

பிறகு கூட்டங்கள் தொடங்கின. அந்தப் பொலிஸ்காரர் ஒரு பள்ளிக்கூட அதிபருக்குச் சொல்லி, அதிபர் வீட்டுக்கு வந்தார். வீதிப் பாதுகாப்பைப் பற்றிப் பிள்ளை வந்து இரண்டு கதை சொன்னால் மாணவர்களுக்கு உறைக்கும் என்றார். அவள் ஓம் என்றுவிட்டாள். நன்றாகத்தான் கதைத்தாள். வீல்செயரில் இருந்தபடி மைக்கைப் பிடித்து, "நான் போனில ஓடின மாதிரித்தான் றோட்டிலயும் ஓடினனான். போனில விழுந்தால் எழும்பினனான். இங்க எழும்பேல்லை" என்பாள். ரீச்சர்மார் கண்ணைத் துடைப்பார்கள். நான் பின்வரிசையில் அவளுடைய தண்ணீர்ப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு இருப்பேன். "நல்லாய் வளத்திருக்கிறியள் அம்மா" என்று வந்து கையைப் பிடிப்பார்கள். நான் கையைக் கொடுப்பேன். ஒரு தரம், இரண்டு தரம் இல்லை. ஏழு பள்ளிக்கூடம்.

ஏழாவது புதுக்குடியிருப்புப் பக்கத்தில், இந்த வருட வெட்டுக் காலத்தில். கதைத்து முடிய மூன்று நாலு பெரிய வகுப்புப் பிள்ளைகள் அவளுக்கு முன்னால் வந்து, போனை எடுத்து, கேமை அழித்துக் காட்டினார்கள். அவள் சிரித்தாள். விழுந்தபிறகு அவள் பல் தெரியச் சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன். திரும்பி வரும்போது வானின் பின்சீற்றில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

"அம்மா, இண்டைக்கு ஒரு பிள்ளையெண்டாலும் தப்பியிருக்கும், என்ன?"

நான் றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நெல். ஒரு பக்கம் முழுக்க நெல். அதன் ஓரத்தில் கல், ரயர், தடி, ஓர் இடத்தில் உடைந்த அம்மி. பள்ளிக்கூடம் விட்டு வந்த வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் சைக்கிளில் அந்தக் கல்லை விலத்தி நடு றோட்டுக்கு ஏறி ஏறி இறங்குகிறார்கள். பின்னால் ஒரு டிப்பர் ஹோர்ன் அடித்துக்கொண்டு வருகிறது. சற்று முன்னர் மண்டபத்தில் இருந்து கேட்ட அதே பிள்ளைகள். எங்கள் வான்காரர், "சனியன் பிடிச்சதுகள், றோட்டையும் விடுகுதுகள் இல்லை" என்று சொல்லி ஸ்ரேறிங்கை வெட்டினார். ஏழு பள்ளிக்கூடத்தில் போய்ப் பிள்ளைகளுக்குப் போனைக் காட்டிப் பயப்படுத்தியிருக்கிறோம். கல்லைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. நாளைக்கு இதில் ஒன்று விழுந்தால் அதன் தாயும் கேம் என்றுதான் சொல்வாள். அப்படிச் சொல்லலாம் என்று காட்டிக்கொடுத்தவள் நான்.

வீட்டுக்கு வந்து அவளைக் கட்டிலில் ஏற்றினேன். காலைத் துடைக்க வெந்நீர் கொண்டுவந்தேன். துடைத்தால் அவளுக்குத் தெரியாது, ஆனாலும் ஒவ்வொரு நாளும் துடைப்பேன். துணியைப் பிழிந்தபடி குனிந்துகொண்டே சொன்னேன்.

"பிள்ளை, நீ அண்டைக்கு வேகமா வரேல்லை."

முழுவதையும் சொன்னேன். டிப்பர் ஏறினது, குற்றியைப் போட்டது, ஆட்டோவில் ஏறாமல் நின்றது, ஆஸ்பத்திரி வாங்கில் கத்தினது. எனக்குச் சாதகமாக ஒன்றையும் சேர்க்கவில்லை. சேர்க்க ஒன்றும் இருக்கவும் இல்லை. முடித்தபிறகு, "அப்ப நான் மெதுவாத்தான் வந்தனானோ?" என்றாள்.

"ஓம்."

"உண்மையாவோ அம்மா?"

"ஓம் பிள்ளை. எப்பவும் வாற மாதிரித்தான்."

இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். கையை எடுக்காமலே கதைத்தாள். "ஒரு வருசம் அம்மா. ஒரு வருசமா எனக்கு என்னைக் கண்டாலே பிடிக்கேல்லை."

நான் அவளுடைய காலைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். விடு என்று சொல்லக்கூட அந்தக் காலால் முடியாது. அது எனக்கு அப்போதுதான் உறைத்து, கையை எடுத்தேன்.

"அப்பாவுக்கு எடுங்கோ" என்றாள்.

"அவர் இப்ப வேலையில..."

"எடுங்கோ."

எடுத்தேன். இரண்டாம் முறைதான் பதில் வந்தது, வண்டியை ஓரம் கட்டியிருப்பார். "பிள்ளைக்கு என்ன?" என்றார். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லி, நின்றபடியே அவருக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"பனங்குத்தி எவ்வளவு வெளியில கிடந்தது?" என்றார்.

"ரெண்டு முழம்."

"போனைப் பிள்ளையிட்டைக் குடும்."

கொடுத்தேன். அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அவள் சொன்னதுதான் கேட்டது. "ஓம் அப்பா" என்றாள். "அழாதேங்கோ அப்பா" என்றாள். பிறகு தானும் அழத் தொடங்கி, "நீங்களும் இல்லை அப்பா, நானும் இல்லை. நாங்கள் ரெண்டு பேரும் இல்லை" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். விக்கிக்கொண்டு, கிட்டத்தட்டச் சிரித்துக்கொண்டு சொன்னாள். நான் தண்ணீர்க் கோப்பையோடு பக்கத்தில் நின்றேன். போனை நெஞ்சோடு பொத்திக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"கொஞ்சம் வெளியில நில்லுங்கோ அம்மா" என்றாள்.

கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.